எலெக்ட்ரானிக் சிட்டியின் வீட்டுக் கணக்கு

1978இல் கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ், பெங்களூருக்குத் தெற்கே ஓசூர் சாலையை ஒட்டி, கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களின் நிலத்தில் 332 ஏக்கரில் ஒரு தொழிற்பேட்டையை அமைத்தது. அதுவே எலெக்ட்ரானிக் சிட்டி. கழகத்தின் முதல் தலைவரான ஆர். கே. பாலிகாவின் முயற்சி அது. மின்னணுத் தொழிலுக்கு இந்தியாவில் பெரிய எதிர்காலம் உண்டு என்று அவர் நம்பியது பொய்க்கவில்லை. 1990களில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. இன்ஃபோசிஸ் தன் தலைமையகத்தையே அங்கே அமைத்துக்கொண்டது. பக்கத்தில் பொம்மசந்திரா, ஜிகனி, வீரசந்திரா, அத்திப்பள்ளி என்று தொழிற்பகுதிகள் தொடர்ந்தன. தொழிலுக்கு மனை, சாலை, மின்சாரம் ஆகியவற்றை முன்கூட்டியே யோசித்த அரசு, அங்கே வேலைக்கு வருபவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்பதை அதே அளவுக்கு யோசிக்கவில்லை. பேட்டையின் அளவுக்கு ஏற்ற குடியிருப்புத் திட்டம் எதுவும் பேட்டையோடு சேர்ந்து வரவில்லை. ஒரு நகரம் தன் நாளைய வீடுகளை எப்படித் திட்டமிடுகிறது, எங்கே தவறவிடுகிறது என்பதை இந்த ஓர் இடத்தை வைத்தே பெருமளவு விளக்கிவிடலாம்.

பெங்களூருக்கு இது முன்பின் தெரியாத பாடமும் அல்ல. 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலை, 1948இல் வந்த தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் வந்த எச்.எம்.டி., 1954இல் வந்த பி.இ.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் ஆலையோடு குடியிருப்பையும் கட்டின. தூரவாணி நகர், ஜாலஹள்ளி குடியிருப்புகளில் பள்ளி, மருத்துவமனை, கடைத்தெரு, விளையாட்டுத் திடல் எல்லாம் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து போன எத்தனையோ குடும்பங்களின் முதல் பெங்களூர் வீடு அந்தக் குவார்ட்டர்ஸ்தான். அந்த முறையிலும் குறை உண்டு. ஓய்வு பெற்ற மறுநாள் வீடு கைவிட்டுப் போகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இடமே கிடையாது. ஆனாலும் ஒரு வேலையை உருவாக்குகிறவர் ஒரு வீட்டுத் தேவையையும் உருவாக்குகிறார் என்ற எளிய உண்மையை அந்தக் காலத்து அதிகாரிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தனியார் நிறுவனங்களுக்கு மனை ஒதுக்கிய காலத்தில் அந்த ஒப்புதல் விட்டுப்போயிற்று. நிறுவனம் தன் ஊழியருக்குச் சம்பளம் தரும். வீட்டைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பதே புதிய ஏற்பாடு.

சிங்கப்பூரில் ஜூரோங் தொழிற்பேட்டை 1961இல் தொடங்கியது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஆலைகள் எழுந்தபோது, நகரத்தை விட்டு அவ்வளவு தூரம் வர ஆட்கள் தயங்கினார்கள். 1968இல் ஜூரோங் நகரக் கழகம் என்ற தனி அமைப்பை உருவாக்கி, ஆலைக்கு நிலம் தருவதையும் தொழிலாளிக்கு அடுக்குமாடி வீடு கட்டுவதையும் ஒரே கையில் கொடுத்தார்கள். பின்னாளில் அந்த வீடுகள் வீட்டுவசதி வாரியத்திடம் போய்ச் சேர்ந்தன. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் திட்டமிடப்பட்ட துணைநகரமான மறைமலைநகரில் மனைகளும் தெருக்களும் முதலில் வந்தன, வேலை வரவில்லை. 1990களில் கார் தொழிற்சாலை வரும்வரை அந்த ஊர் எதிர்பார்த்தபடி நிறையவே இல்லை. வேலையையும் வீட்டையும் தனித்தனி மேசையில் வைத்துத் திட்டமிட்டால் எந்தப் பக்கம் முந்தினாலும் இழப்புதான்.

ஒரு நகரத்தின் வீட்டுத் தேவையைக் கணக்கிடுவது தலைகளை எண்ணுவதோடு முடிவதில்லை. எண்ண வேண்டியது குடும்பங்களை. 2011 கணக்கெடுப்பில் பெங்களூர் நகர மாவட்டத்தில் சுமார் 96 லட்சம் பேர் இருந்தார்கள். குடும்பத்துக்கு நான்கு பேர் என்றால் 24 லட்சம் வீடுகள் வேண்டும். அதே 96 லட்சம் பேர் குடும்பத்துக்கு மூன்றரைப் பேராகப் பிரிந்தால் தேவை 27 லட்சத்தைத் தாண்டிவிடும். ஊருக்கு ஓர் ஆள்கூடப் புதிதாக வராமலே மூன்று லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கூடுதலாகத் தேவைப்படும். கூட்டுக் குடும்பம் பிரிவது, திருமண வயது தள்ளிப்போவது, தனியாக வாழும் முதியோர் பெருகுவது, வேலைக்காகத் தனியே வரும் பெண்கள் கூடுவது ஆகிய எல்லாமே வீட்டுக் கணக்கை மாற்றுகின்றன. இவற்றோடு, இருக்கிற வீடுகளில் பழுதாகி இடிக்க வேண்டியவை எத்தனை, ஓர் அறைக்குள் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள் எத்தனை, வீடே இல்லாதவர்கள் எத்தனை என்பதையும் சேர்த்தால்தான் தேவை தெரியும்.

எதிர்கால மக்கள்தொகையைக் கணிப்பது இதைவிடக் கடினம். பிறப்பு, இறப்பு விகிதங்களை ஓரளவு நம்பலாம். இடப்பெயர்ச்சியை நம்ப முடியாது. 1971க்கும் 1981க்கும் இடையில் பெங்களூரின் மக்கள்தொகை 16.5 லட்சத்திலிருந்து 29 லட்சமாக, 76 சதவீதம் உயர்ந்தது. அவ்வளவு வேகத்தை முந்தைய பத்தாண்டுகளின் போக்கை மட்டும் வைத்து யாரும் ஊகித்திருக்க முடியாது. 2017 நவம்பரில் வெளியான 2031ஆம் ஆண்டுக்கான முதன்மைத் திட்ட வரைவு, திட்டப் பரப்பில் 2.03 கோடி பேர் இருப்பார்கள் என்று கணித்தது. அந்த வரைவு இறுதி ஒப்புதல் பெறாமலே கைவிடப்பட்டது. 2007இல் ஒப்புதல் பெற்ற 2015ஆம் ஆண்டுக்கான திட்டமே அதன் காலம் முடிந்த பிறகும் நகரத்தை ஆண்டுகொண்டிருந்தது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடக்கவில்லை. மக்களை எண்ணும் பணி 2027 பிப்ரவரிக்குக் குறிக்கப்பட்டது. ஆக, நாட்டிலேயே மிக வேகமாக வளரும் நகரங்களில் ஒன்று, பதினைந்து ஆண்டுப் பழைய எண்களையும் காலாவதியான திட்டத்தையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் தண்ணீருக்கும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. மின் இணைப்பு, ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, சொத்துவரிப் பதிவு ஆகியவற்றைக் கொண்டு இடைக்காலக் கணக்கு ஒன்றை ஆண்டுதோறும் போட்டுவிட முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

தேவையை வேலையிலிருந்து கணக்கிடும் வழியும் உண்டு. எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடத்துக்கு அதுவே பொருத்தம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பேட்டையில் 1 லட்சம் புதிய வேலைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். காவலர், ஓட்டுநர், சமையல் ஆட்கள், துப்புரவுப் பணியாளர், கடைக்காரர், ஆசிரியர், செவிலியர் என அவற்றைச் சார்ந்து இன்னொரு லட்சம் வேலைகள். குடும்பத்துக்குச் சராசரியாக 1.6 பேர் சம்பாதிக்கிறார்கள் என்றால் 1.25 லட்சம் குடும்பங்கள். அவற்றில் பாதி அக்கம்பக்கத்தில் குடியிருக்க விரும்பினாலே 62,500 வீடுகள் வேண்டும். தெரு, பூங்கா, பள்ளி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 50 வீடுகள் என்று நெருக்கமாகக் கட்டினாலும் 1,250 ஏக்கர் ஆகிறது. 1978இல் ஒதுக்கிய 332 ஏக்கரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எண்கள் கூடலாம், குறையலாம். ஆனால் வேலைக்கு ஒதுக்கும் நிலத்தைவிட வீட்டுக்குப் பல மடங்கு நிலம் வேண்டும் என்ற விகிதம் பெரிதாக மாறாது. தொழிலுக்கு மனை ஒதுக்கும் அரசாணையோடு இந்த ஒரு பக்கக் கணக்கை இணைத்திருந்தால் ஓசூர் சாலையின் கதை வேறாக இருந்திருக்கும்.

அடுத்த கேள்வி, யாருக்கான வீடு என்பது. மத்திய அரசு அமைத்த, பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான வல்லுநர் குழு 2012ஆம் ஆண்டுக்கு இந்திய நகரங்களின் வீட்டுப் பற்றாக்குறையை 1.878 கோடி என்று மதிப்பிட்டது. அதில் சுமார் 1.5 கோடி, இட நெருக்கடியில் வாழும் குடும்பங்கள். அவை வீடில்லாத குடும்பங்கள் அல்ல, போதாத வீட்டில் இருப்பவை. முற்றிலும் வீடற்றவை 5.3 லட்சம் குடும்பங்கள். மொத்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினர் ஆகிய இரு பிரிவுகளிலேயே இருந்தது. அதே சமயம் 2011 கணக்கெடுப்பில் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்திய நகரங்களின் நோய் புரியும். வாங்கும் சக்தி உள்ளவருக்கு இரண்டாவது, மூன்றாவது வீடு முதலீடாக எழுகிறது. இல்லாதவருக்கு முதல் வீடே எழவில்லை.

ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பம் நலிந்த பிரிவு என்பது பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வரையறை. மாதம் 25,000 ரூபாய். அதில் 30 சதவீதத்தை வீட்டுக்கு ஒதுக்கினால் 7,500 ரூபாய். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய் தவணை என்பதால், அந்தக் குடும்பம் தாங்கக்கூடிய கடன் 8.3 லட்சம் ரூபாய். 50,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது இரட்டிப்பாகும். அந்தத் தொகைக்கு எலெக்ட்ரானிக் சிட்டி சுற்றுவட்டாரத்தில் ஒற்றைப் படுக்கையறை அடுக்ககம்கூடக் கிடைப்பது அரிது. கண்ணாடிக் கட்டடத்தின் தரையைத் துடைக்கும் பெண்ணும், உணவகத்தில் பாத்திரம் கழுவும் இளைஞரும், வாசலில் நின்று வண்டி எண்ணைக் குறிக்கும் காவலரும் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளிலும், காலிமனையில் எழுந்த தகரக் கொட்டகைகளிலும் என்பதே பதில். அவர்கள் இல்லாமல் அந்தப் பேட்டை ஒரு நாள்கூட நடக்காது. ஆகையால் அவர்களின் வீட்டைக் கருணையின் கணக்கில் எழுதுவது தவறு. சாலை, மின்சாரத்தைப் போல அதுவும் தொழிலின் அடிப்படை வசதிகளில் ஒன்று.

நிலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திட்டங்கள் பெரும்பாலும் தோற்பது அங்கேதான். பெங்களூரில் புதிய குடியிருப்புகளை உருவாக்கும் வேலை 1945 முதல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியத்திடமும், 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பி.டி.ஏ. எனப்படும் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்திடமும் இருந்தது. முறை எல்லோருக்கும் தெரிந்ததே. விவசாய நிலத்தை ஆர்ஜிதம் செய்து, தெரு போட்டு, பரப்பில் குறைந்தது 15 சதவீதத்தைப் பூங்காவுக்கும் திடலுக்கும், 10 சதவீதத்தைப் பொது வசதிகளுக்கும் விட்டு, மீதியை மனைகளாக்கி விண்ணப்பதாரர்களுக்குக் கொடுப்பது. ஜெயநகரிலிருந்து எச்.எஸ்.ஆர். லேஅவுட் வரை நகரத்தின் நல்ல பகுதிகள் பலவும் இப்படி வந்தவைதான். அகலமான தெருவும் மரநிழலும் தற்செயலாகக் கிடைத்தவை அல்ல; யாரோ ஒருவர் நிலத்தை முன்பே ஒதுக்கிவைத்ததால் கிடைத்தவை.

ஆனால் இந்த முறை இளைத்துவிட்டது. அர்க்காவதி லேஅவுட்டுக்கு முதல் அறிவிக்கை 2003இல் வந்தது; வழக்குகளும் நிலத்தை விடுவிக்கும் உத்தரவுகளும் சேர்ந்து அதை ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வடக்கே சிவராம காரந்த் லேஅவுட்டுக்கு 2008இல் அறிவிக்கை வந்தது. உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஆர்ஜிதத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் மீட்டது. நடுவில் பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் நிலத்துக்காரர் விற்கவும் முடியாமல், விதைக்கவும் மனமில்லாமல் இருந்தார். சிலர் விற்றே விட்டார்கள், வாங்கியவர்கள் வீடும் கட்டினார்கள். பிறகு அந்த வீடுகள் சட்டவிரோதமாயின. ஆர்ஜிதத்தில் நியாயமான விலை கிடைக்காது என்ற விவசாயியின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. தலைமுறைகளாக உழுத நிலத்தை அன்றைய வழிகாட்டி மதிப்புக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாண்டு கழித்து அதே மண்ணில் ஒரு மனை பல மடங்கு விலைக்குப் போவதைப் பார்க்க வேண்டியவர் அவர். பின்னாளில் கெம்பேகௌடா லேஅவுட் போன்ற திட்டங்களில், பணத்துக்குப் பதிலாக மேம்படுத்திய நிலத்தில் 40 சதவீதத்தை உரிமையாளருக்கே திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது அந்த அநீதியை உணர்ந்துதான்.

ஆணையம் தாமதித்த இடத்தில் சந்தை காத்திருக்கவில்லை. ஓசூர் சாலையின் இரு பக்கமும் ரெவென்யூ சைட் எனப்படும் மனைகள் பெருகின. விவசாய நிலத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்து, இருபது அடித் தெரு விட்டு, முப்பதுக்கு நாற்பது மனைகளாக விற்பார்கள். நிலப் பயன்பாட்டு மாற்றம் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. கிராமப் பஞ்சாயத்தின் சொத்துப் பதிவுகளான படிவம் 9, படிவம் 11 கையில் இருந்தால் போதும் என்று வாங்குகிறவர் நம்புவார். திட்ட ஆணையத்தின் லேஅவுட் ஒப்புதல் இருக்காது. பூங்காவுக்கு விட்ட இடம் அடுத்த ஆண்டே மனையாகும். கழிவுநீர் எங்கே போகும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாங்குகிறவர் ஏமாளியும் அல்ல, குற்றவாளியும் அல்ல. அவருடைய சேமிப்புக்கு எட்டிய ஒரே மனை அதுதான். முறையான மனை போதிய அளவில், போதிய மலிவில் வராதபோது முறையற்ற மனை அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது.

பிறகு வரன்முறைப்படுத்தும் காலம் வருகிறது. கர்நாடகத்தில் ‘அக்ரம-சக்ரம’ என்ற பெயரில் விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி முறைப்படுத்த அரசு முயன்றது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டிக் குடியேறிய பிறகு ஒரு தெருவை அகலப்படுத்துவதோ, இல்லாத பூங்காவுக்கு இடம் தேடுவதோ ஏறக்குறைய முடியாத காரியம். வரன்முறைக் கட்டணம் அரசின் கருவூலத்தை நிரப்பும்; சாக்கடைக்கு வழியை அதனால் உண்டாக்க முடியாது.

இதற்கு மாற்று வழிகள் இந்தியாவிலேயே இருக்கின்றன. 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டச் சட்டத்திலிருந்து வளர்ந்த நகரத் திட்ட முறை குஜராத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு பகுதியின் துண்டு துண்டான வயல்களையெல்லாம் வரைபடத்தில் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் ஏழைகளின் வீட்டுக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அதே உரிமையாளர்களிடம் திருப்பித் தருவார்கள். யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. நிலம் சுருங்கினாலும் அதன் மதிப்பு கூடுகிறது. அகமதாபாத்தின் 76 கி.மீ. சர்தார் படேல் சுற்றுச்சாலைக்கு வேண்டிய நிலத்தில் பெரும்பகுதி இந்த வழியில்தான் கிடைத்தது. கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. பெங்களூர் அதை அதிகம் தொடவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கத்துக் கிராமங்களில் நிலத்தின் விலை ஏறுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால், இன்றைய ரெவென்யூ சைட்டுகளில் பாதி முறையான தெருக்களாக இருந்திருக்கும்.

சென்னை 1970களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு செய்து பார்த்த மனையும் வசதியும் என்ற முறையும் நினைவுகூரத் தக்கது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு முழு வீட்டைக் கட்டித் தரவில்லை. சிறு மனை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, தெரு ஆகியவற்றைக் கொடுத்தது. குடும்பம் கையில் பணம் சேரச்சேர முதலில் ஓர் அறை, பிறகு மாடி என்று கட்டிக்கொண்டது. பல வருவாய்ப் பிரிவினரும் ஒரே பகுதியில் இருக்கும்படி மனைகளின் அளவை வேறுபடுத்தியதால் அவை சேரியாகவும் ஒதுங்கவில்லை, செல்வர் குடியிருப்பாகவும் சுருங்கவில்லை. இன்று அவை சாதாரணமான, உயிரோட்டமுள்ள சென்னைத் தெருக்கள். பெரும்பாக்கத்தில் ஓரிடத்தில் ஆயிரக்கணக்கான அடுக்ககங்களைக் கட்டி, கூவம், அடையாறு கரைகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய் இறக்கியதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. பழைய வேலை கிலோமீட்டர்கள் தள்ளிப்போயிற்று.

இருக்கும் ஏழைகளின் வீடுகளைக் காப்பாற்றுவதும் திட்டத்தின் பகுதியே. பெங்களூர் ஈஜிபுராவில் மாநகராட்சி 1990களில் நலிந்த பிரிவினருக்காகக் கட்டிய குடியிருப்பில் 2007இல் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. 2013 ஜனவரியில் அங்கு எஞ்சியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஓசூர் சாலைக்கு அருகில், நகரத்தின் விலையுயர்ந்த பகுதியில், ஏழைகள் வாழ்ந்த ஓர் இடம் அப்படிப் போயிற்று. புதிதாகப் பத்து வீடு கட்டும்போது பழைய பத்து வீடு இடிந்தால் கணக்கில் ஏற்றம் எங்கிருந்து வரும்?

வாடகை வீடு இந்தியத் திட்டங்களின் பெரிய மறதி. அரசின் வீட்டுத் திட்டம் என்றாலே சொந்த வீடு என்று பொருளாகிவிட்டது. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வருபவர்களில் பலர் இருபதுகளில் இருக்கும் தனியாட்கள். இரண்டு மூன்று ஆண்டில் வேறு நிறுவனம், வேறு ஊர் என்று போகக்கூடியவர்கள். அவர்களுக்கு வேண்டியது பாதுகாப்பான, மலிவான ஒரு வாடகை அறை. அந்தத் தேவையை பி.ஜி. விடுதிகள் நிறைவேற்றுகின்றன. நீலாத்ரி சாலையிலும் தொட்டதோகூர்ச் சந்துகளிலும் முப்பதுக்கு நாற்பது மனையில் ஐந்து, ஆறு மாடி எழுப்பி, அறைக்கு மூன்று நான்கு கட்டில் போட்டு நடத்துகிறார்கள். தீ பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு பல கட்டடங்களில் இல்லை. 2024 ஆகஸ்டில் பெங்களூர் மாநகராட்சி பி.ஜி.களுக்கு விதிகள் வகுத்தது: ஒருவருக்குக் குறைந்தது 70 சதுர அடி, நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர், கண்காணிப்புக் கேமரா, தீயணைப்புச் சான்று. நல்ல விதிகள். ஆனால் மாநகராட்சி எல்லை எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் தமிழக அரசின் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கும் இடம், 706.50 கோடி ரூபாய் செலவு. தொழிற்பேட்டையை அமைக்கும் நிறுவனமே தொழிலாளியின் படுக்கைக்கும் பொறுப்பேற்ற அரிய முயற்சி இது. விடுதி வாழ்க்கை குடும்ப வாழ்க்கைக்கு ஈடாகாது. திருமணமானதும் அந்தப் பெண் வேலையை விட வேண்டியிருந்தால் திட்டம் பாதியில் நின்றதாகவே பொருள். விடுதிக்குப் பக்கத்தில் சிறு குடும்பங்களுக்கான வாடகை வீடுகளும் எழுந்தால்தான் அது முழுமை பெறும்.

தண்ணீர் இல்லாமல் வீடு இல்லை. பெங்களூர் தன் காவிரி நீரைச் சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டம் நாளுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூட்டியது. அதன் முதல் நோக்கம் 2007இல் மாநகராட்சியில் சேர்ந்த 110 கிராமங்கள். அந்தக் கிராமங்கள் நகரமான பிறகு குழாய் வர ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். 2024 கோடையில் கிணறுகள் வற்றியபோது லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய அடுக்ககங்களிலும் வாளியை எண்ணி நீர் புழங்கினார்கள். மேலே சொன்ன 62,500 வீடுகளின் கணக்கை மறுபடி எடுத்தால், 2.5 லட்சம் பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாளுக்கு 3.4 கோடி லிட்டர் வேண்டும். 6,000 லிட்டர் லாரியில் அது 5,600 நடைக்கும் மேல். ஒரு பகுதிக்குத் தண்ணீர் எப்போது வரும் என்ற தேதி உறுதியாகாமல் அங்கே எத்தனை மாடி கட்டலாம் என்ற அனுமதியைத் தருவது, குடிவருபவரை ஏமாற்றுவதாகும்.

போக்குவரத்தும் வீட்டுத் திட்டமே. 2010 ஜனவரியில் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கி.மீ. மேம்பாலச் சாலை திறந்தது. கார் வைத்திருந்தவர் தூரத்தில் குடியிருக்க அது வழிசெய்தது. 2025 ஆகஸ்ட் 10இல் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ. மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்டது. பேட்டை பிறந்து 47 ஆண்டுகளுக்குப் பின். அந்தத் தடம் அறிவிக்கப்பட்ட நாள் முதலே நிலையங்களைச் சுற்றி நில விலை ஏறியது. பொதுப் பணத்தில் உண்டான அந்த ஏற்றம் நிலம் வைத்திருந்தவர் கையில் போய்ச் சேர்ந்தது. நிலையத்தின் நடை தூரத்தில் கூடுதல் தளப்பரப்பை அனுமதிக்கும்போதே, அதில் ஒரு பங்கு சிறிய வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்று விதித்தால் மெட்ரோவில் போக வேண்டியவரே மெட்ரோவுக்கு அருகில் குடியிருப்பார். இல்லாவிட்டால் நிலையத்தின் பக்கத்தில் கார் வைத்திருப்பவரும், நாலு கிலோமீட்டர் தள்ளி பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் என்று ஊர் பிரிந்துபோகும்.

இவ்வளவையும் யார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காததே எலெக்ட்ரானிக் சிட்டியின் தீராத சிக்கல். பேட்டைக்குள் சாலையும் விளக்கும் 2013இல் அமைந்த எல்சிட்டா என்ற தொழில்நகர ஆணையத்தின் பொறுப்பு. அதன் மதிலைத் தாண்டினால் கிராமப் பஞ்சாயத்து. இன்னும் கொஞ்சம் போனால் ஹெப்பகோடி நகரசபை, பொம்மசந்திரா, சந்தாபுரா புரசபைகள். நிலப் பயன்பாட்டுக்குச் சில கிராமங்களில் பி.டி.ஏ., ஆனேக்கல் பக்கம் ஆனேக்கல் திட்ட ஆணையம். வேலை செய்பவரின் வரி மதிலுக்கு உள்ளே, அவருடைய குப்பையும் கழிவுநீரும் மதிலுக்கு வெளியே. 2025இல் நடைமுறைக்கு வந்த கிரேட்டர் பெங்களூர் ஆட்சிச் சட்டம் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே ஓர் ஆணையத்தை வைத்தது. ஐந்தும் பழைய மாநகராட்சிப் பரப்புக்குள்ளேயே வகுக்கப்பட்டவை. நகரத்தின் விளிம்புதான் வேகமாக வளர்கிறது. நகர ஆட்சியின் எல்லை அதற்கு இப்பாலேயே நின்றுவிட்டது.

விளிம்பு கர்நாடகத்தோடும் முடியவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சுமார் 20 கி.மீ. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நாள்தோறும் ஆட்கள் இரு பக்கமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு பெங்களூர்ச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் பல. 2019இல் மாநகராட்சியான ஓசூரும் தன் பங்குக்குத் தொழிற்சாலைகளாலும் அவற்றுக்கு வரும் இளம் பெண் தொழிலாளர்களாலும் நிறைந்துவருகிறது. வேலைச் சந்தை ஒன்று, வாடகைச் சந்தை ஒன்று. திட்டமிடும் அரசுகள் இரண்டு. பெங்களூரின் வீட்டுத் தேவைக் கணக்கில் ஓசூர் இல்லை, ஓசூரின் கணக்கில் எலெக்ட்ரானிக் சிட்டி இல்லை. மாநில எல்லை தாண்டிய திட்டமிடலுக்கு இந்தியாவில் முன்மாதிரி உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியத் தலைநகர் வட்டாரத் திட்ட வாரியம் டெல்லியோடு ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாவட்டங்களையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தது. ஆனேக்கலுக்கும் ஓசூருக்கும் அவ்வளவு பெரிய வாரியம் தேவைப்படாது. இரு மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளும் சேர்ந்து மூன்று கணக்குகளை ஒன்றாக வைத்திருந்தால் தொடங்கிவிடலாம்: எல்லையைத் தினமும் தாண்டுபவர் எத்தனை பேர், இரு பக்கமும் ஒப்புதல் பெற்ற வீடுகள் எத்தனை, அவற்றில் மாதம் 25,000 ரூபாய்க் குடும்பத்துக்கு எட்டக்கூடியவை எத்தனை. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வரும்போது அவற்றை இந்த மூன்றோடும் சேர்த்து வைக்க ஆள் இருக்க வேண்டும்.